உலகைச் சுற்றி வந்த எல்கானோ!

உலகை முதன்முதலில் கப்பலில் சுற்றி வந்தவர் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்கி, மெகல்லன் என்று சொல்லிவிடுவீர்கள். பொது அறிவுப் புத்தகங்கள் பலவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் குட்டீஸ், மெகல்லன் பாதி வழியிலேயே இறந்துவிட்டார்! அவர் தொடங்கிய பயணத்தை முடித்து, தண்ணீர் ஒழுகும் ஒரே ஒரு கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர் வேறொருவர். அவர் பெயர் ஹுவான் செபாஸ்டியன் எல்கானோ.

அவருடைய பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று இன்றும் கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் அது. நான்கு உயரமான பாய்மரங்கள், வெள்ளை நிற உடல், காற்றில் புடைத்து நிற்கும் 20 பாய்கள் என்று பார்க்கவே அழகாக இருக்கும். 1927ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலில்தான், கடற்படை அதிகாரிகளாகப் போகும் மாணவர்கள் கடலைப் பற்றிப் பாடம் படிக்கிறார்கள்.

எல்கானோ ஒரு காலத்தில் கடனாளியாக நின்றவர். சட்டத்தை மீறியவர். கலகத்தில் சேர்ந்து தண்டனையும் பெற்றவர். அப்படிப்பட்டவரின் பெயரை மாணவர்களின் கப்பலுக்கு ஏன் வைத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ள, 500 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

கடலோர ஊர்ப் பிள்ளை

ஸ்பெயின் நாட்டின் வடக்குக் கரையில், பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது கெடாரியா என்ற சிறிய ஊர். மீன் பிடிப்பதும், திமிங்கில வேட்டையும், கப்பல் ஓட்டுவதும்தான் அந்தப் பகுதி மக்களின் தொழில். எல்கானோ பிறந்தது அங்குதான். தந்தை பெயர் டொமிங்கோ, தாய் பெயர் கத்தலீனா. 1519ஆம் ஆண்டில் தனக்கு 32 வயது இருக்கும் என்று எல்கானோ ஒருமுறை தெரிவித்திருக்கிறார். அதை வைத்து, அவர் 1486 அல்லது 1487ஆம் ஆண்டு பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

சிறு வயதிலேயே கடலுக்குப் போய்த் தொழில் பழகிக்கொண்ட எல்கானோ, வளர்ந்ததும் சொந்தமாக ஒரு கப்பலுக்கே உரிமையாளர் ஆனார். அந்தக் கால அளவில் 200 டன் கொள்ளும் பெரிய கப்பல் அது. ஸ்பெயின் அரசு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலிப் பக்கமும் போர் நடத்தியபோது, தன் கப்பலோடு போய் அரசுக்காக வேலை செய்தார்.

ஆனால், அரசு தர வேண்டிய பணம் வந்து சேரவில்லை. மாலுமிகளுக்கோ சம்பளம் கொடுத்தாக வேண்டும். எல்கானோ வெளிநாட்டு வணிகர்களிடம் கடன் வாங்கினார். கடனைத் திருப்பித் தர முடியாமல் போனதும், கப்பலையே அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. போர்க் காலத்தில் ஆயுதம் ஏந்திய கப்பலை வெளிநாட்டவருக்குத் தருவது அன்றைய ஸ்பெயின் சட்டப்படி குற்றம்!

கப்பலும் போனது. கையில் காசும் இல்லை. தலைக்கு மேல் வழக்கு வேறு. இந்த நிலையில்தான் அவர் தெற்கே செவில் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு பெரிய பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிராம்பைத் தேடி...

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சர்வ சாதாரணமாகக் கிடக்கும் கிராம்பு, அந்தக் காலத்து ஐரோப்பாவில் மிகவும் விலை உயர்ந்த பொருள். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மொலுக்கஸ் தீவுகளில் மட்டும்தான் அப்போது கிராம்பு விளைந்தது.

ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கிழக்கே போகும் கடல் வழி முழுவதும் போர்ச்சுக்கல் நாட்டின் பிடியில் இருந்தது. 1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது அந்த வழியில்தான். அந்த வழியில் ஸ்பெயின் கப்பல்கள் போகக் கூடாது என்பது இரண்டு நாடுகளுக்கும் இடையிலான உடன்பாடு. சரி, மேற்கே போய்க்கொண்டே இருந்தால் உலக உருண்டையைச் சுற்றி அதே தீவுகளை அடையலாமே என்று திட்டம் போட்டார் மெகல்லன். அவர் போர்ச்சுக்கல் நாட்டுக்காரர். ஆனாலும் ஸ்பெயின் மன்னர் அவர் திட்டத்தை ஏற்று, ஐந்து கப்பல்களைக் கொடுத்தார்.

டிரினிடாட், சான் அந்தோனியோ, கன்செப்சியான், விக்டோரியா, சாந்தியாகோ ஆகியவைதான் அந்த ஐந்து கப்பல்கள். அவற்றில் சுமார் 240 பேர் புறப்பட்டார்கள். எல்கானோவுக்கு கன்செப்சியான் கப்பலில் மாஸ்டர் வேலை கிடைத்தது. பாய், கயிறு, சரக்கு, மாலுமிகளின் அன்றாட வேலை என எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அது. 1519ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி, சான்லூகார் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் கிளம்பின.

சங்கிலியில் கட்டப்பட்டவர்

தென் அமெரிக்கக் கரையோரமாகத் தெற்கே போன கப்பல்கள், 1520 மார்ச் கடைசியில் சான் ஹூலியன் என்ற இடத்தை அடைந்தன. நமக்கு மார்ச், ஏப்ரல் என்றால் வெயில் காலம். பூமியின் தென் பாதியில் அப்போதுதான் குளிர்காலம் நெருங்கும்! கடுங்குளிர், குறைந்துபோன உணவு, எங்கே போகிறோம் என்று சொல்லாத தலைவர் என எல்லாம் சேர்ந்து மாலுமிகளுக்குக் கோபத்தை மூட்டின. மூன்று கப்பல்களில் கலகம் வெடித்தது.

எல்கானோவும் கலகக்காரர்கள் பக்கம் சேர்ந்தார். அவர்கள் கைப்பற்றிய சான் அந்தோனியோ கப்பல் அவர் பொறுப்பில் விடப்பட்டது. ஆனால் மெகல்லன் சுறுசுறுப்பாகச் செயல்பட்டுக் கலகத்தை அடக்கிவிட்டார். தலைவர்களில் இருவர் உயிரிழந்தனர். இன்னொருவர் அந்த வெறிச்சோடிய கரையிலேயே விடப்பட்டார். எல்கானோ உட்பட சுமார் 40 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

40 பேரையும் கொன்றுவிட்டால் கப்பல் ஓட்ட யார் இருப்பார்கள்? மெகல்லன் அவர்களை மன்னித்தார். ஆனாலும் தண்டனை உண்டு. காலில் சங்கிலியோடு, மாதக்கணக்கில் கடினமான வேலை செய்ய வேண்டும். கப்பல்களைக் கரையில் சாய்த்து வைத்து, அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பலகை இடுக்குகளில் நார் அடைத்துத் தார் பூசினார்கள்.

ஒரு காலத்தில் சொந்தக் கப்பல் வைத்திருந்தவர், அந்தக் குளிரில் சங்கிலியோடு நின்று கப்பல் சுரண்டினார்.

பசியோடு ஒரு பெருங்கடல்

அந்தக் கரையோரத்தில் சாந்தியாகோ கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. பிறகு, இன்று மெகல்லன் ஜலசந்தி என்று அழைக்கப்படும் குறுகலான கடல் வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் போன இடத்தில், சான் அந்தோனியோ கப்பல் மற்றவர்களை விட்டுவிட்டு ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டது. மீதி மூன்று கப்பல்கள் 1520 நவம்பர் 28ஆம் தேதி பசிபிக் பெருங்கடலில் நுழைந்தன.

அந்தக் கடல் இவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதங்களுக்கும் மேலாகப் புதிய உணவே கிடைக்கவில்லை. பிஸ்கட் எல்லாம் புழு அரித்துப் பொடியாகிவிட்டது. குடிநீர் மஞ்சளாகி நாற்றம் அடித்தது. பாய்மரத்தில் சுற்றியிருந்த மாட்டுத் தோலைக் கடலில் ஊறவைத்து, வாட்டித் தின்றார்கள். மரத்தூள் தின்றார்கள். எலி கிடைத்தால் அதற்குப் போட்டி!

பழமும் காய்கறியும் இல்லாததால் ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொள்ளும் கொடிய நோய் அது. வைட்டமின் 'சி' குறைவால் அது வருகிறது என்று நமக்குத் தெரியும். பாவம், அவர்களுக்குத் தெரியாது. பலர் இறந்தார்கள்.

1521 மார்ச் மாதம் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தார்கள். அங்கே உள்ளூர்த் தலைவர்களின் சண்டையில் மெகல்லன் தலையிட்டார். ஏப்ரல் 27ஆம் தேதி மாக்டான் தீவில் லாபுலாபு என்ற தலைவரின் வீரர்களோடு நடந்த போரில் உயிரை விட்டார். அடுத்த சில நாட்களில் இன்னும் பலர் கொல்லப்பட்டார்கள். மூன்று கப்பல்களை ஓட்ட ஆள் போதாததால், எல்கானோவின் கன்செப்சியான் கப்பலுக்கு அவர்களே தீ வைத்தார்கள்.

சில மாதங்கள் திசை தெரியாமல் அலைந்த பிறகு, மாலுமிகள் புதிய தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டிரினிடாட் கப்பலுக்கு எஸ்பினோசா என்பவர் கேப்டன் ஆனார். விக்டோரியா கப்பலின் கேப்டன் எல்கானோ!

அழுதுகொண்டே பிரிந்தார்கள்

1521 நவம்பர் 8ஆம் தேதி, மொலுக்கஸ் தீவுகளில் ஒன்றான திடோரை அடைந்தார்கள். அந்தத் தீவின் மன்னர் அவர்களை அன்போடு வரவேற்றார். துணி, கோடரி, கண்ணாடிப் பொருட்கள் போன்றவற்றைக் கொடுத்து, மூட்டை மூட்டையாகக் கிராம்பு வாங்கினார்கள். இனி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

புறப்படும் நேரத்தில் டிரினிடாட் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. முத்துக் குளிப்பவர்களைப் போல நன்றாக மூச்சடக்கும் தீவு மனிதர்களை மன்னர் அனுப்பினார். அவர்கள் தங்கள் நீண்ட தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கப்பலுக்கு அடியில் நீந்தினார்கள். ஓட்டைக்குள் தண்ணீர் இழுக்கப்படும்போது முடியும் சேர்ந்து இழுபடும் அல்லவா? அப்படிக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை! ஆனாலும் ஓட்டை அகப்படவில்லை.

டிரினிடாட்டைப் பழுது பார்க்கப் பல மாதங்கள் ஆகும். காற்றோ மேற்கே போக வசதியாக வீசிக்கொண்டிருந்தது. எனவே விக்டோரியா மட்டும் கிளம்புவது என்று முடிவானது. பாரம் அதிகம் என்று பயந்து, கொஞ்சம் கிராம்பை இறக்கி வைத்தார்கள்.

தங்கிவிட்டவர்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதி விக்டோரியாவில் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் எழுதி முடிக்கும் வரை, நண்பகல் வரைக்கும் விக்டோரியா காத்திருந்தது. பிறகு இரண்டு பக்கமும் அழுகையோடு பிரிந்தார்கள். 1521 டிசம்பர் 21ஆம் தேதி அது. எல்கானோவின் கப்பலில் ஐரோப்பியர்கள் 47 பேர். மொலுக்கஸ் தீவினர் 13 பேர்.

பிற்பாடு டிரினிடாட் போர்ச்சுக்கீசியர் கையில் சிக்கியது. அதிலிருந்தவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே ஊர் திரும்பினார்கள்.

நிற்க இடமில்லாத வழி

எல்கானோவின் முன்னால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மேற்கே போகும் வழியில் உள்ள துறைமுகங்களில் எல்லாம் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். எங்கே ஒதுங்கினாலும் கப்பலும் சரக்கும் பறிபோகும். ஆட்கள் சிறைக்குப் போவார்கள். எனவே திமோர் தீவில் கடைசியாக உணவு ஏற்றிக்கொண்டு, 1522 பிப்ரவரியில் இந்தியப் பெருங்கடலின் தென் கோடிக்குக் கப்பலைத் திருப்பினார். மற்றவர்கள் போகாத, கரையே கண்ணில் படாத வழி அது.

விக்டோரியா ஒன்றும் பெரிய கப்பல் அல்ல. அந்தக் கால அளவில் 85 டன்தான். நீளம் 30 மீட்டரைக் கூட எட்டாது. அந்தச் சிறு மரக் கப்பல் பனிக்காற்றிலும் மலை போன்ற அலைகளிலும் வாரக்கணக்கில் போராடியது. உப்பு போதாததால் இறைச்சி எல்லாம் அழுகிவிட்டது. சோறும் தண்ணீரும்தான் உணவு. அடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

ஆப்பிரிக்காவை நெருங்கியபோது, சிலர் மொசாம்பிக் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் சரணடையலாம் என்றார்கள். உயிராவது மிஞ்சும் என்பது அவர்கள் எண்ணம். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எல்கானோவும் பெரும்பாலான மாலுமிகளும், என்ன ஆனாலும் ஊருக்கே போவது என்று உறுதியாக நின்றார்கள்.

1522 மே மாதம் நன்னம்பிக்கை முனையைத் தாண்டினார்கள். புயலில் முன்பக்கப் பாய்மரம் முறிந்தது. அதன் பிறகு வடக்கே போன இரண்டு மாதங்களில் சுமார் 20 பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள்.

13 பேர் எங்கே?

இனியும் உணவு இல்லாமல் போனால் ஒருவரும் பிழைக்க முடியாது என்ற நிலை வந்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில், ஜூலை மாதம் கப்பலை நிறுத்தினார் எல்கானோ. அதுவும் போர்ச்சுக்கீசியரின் இடம்தான். அமெரிக்காவிலிருந்து வருவதாகப் பொய் சொல்லி, படகில் ஆள் அனுப்பி அரிசி வாங்கினார்கள்.

அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. கப்பலில் ஒரு நாள் விடாமல் தேதி குறித்து வந்தார்கள். அந்தக் கணக்குப்படி அன்று புதன்கிழமை. தீவில் இருந்தவர்களோ வியாழக்கிழமை என்றார்கள்! கணக்குத் தப்பவில்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நாம் மேற்கே போய்க்கொண்டே இருந்தால், நமக்கு ஒவ்வொரு நாளும் சூரியன் சற்றுத் தாமதமாக உதிக்கும். அந்தச் சிறு சிறு தாமதங்கள் எல்லாம், உலகை ஒரு முறை சுற்றி முடிக்கும்போது சேர்ந்து ஒரு முழு நாளாகிவிடும். உலகைச் சுற்றியவர்கள் அதுவரை யாரும் இல்லாததால், இது அவர்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு முறை அரிசி வந்தது. மூன்றாம் முறை போன படகு திரும்பவில்லை. கிராம்பு விஷயம் வெளியே தெரிந்துவிட்டது! படகில் போன 13 பேரையும் போர்ச்சுக்கீசியர் பிடித்துக்கொண்டார்கள். கப்பலையும் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

எல்கானோ என்ன செய்வார்? கப்பலில் மிஞ்சியிருந்தவர்கள் இருபது பேர் சொச்சம்தான். அவர்களும் நோயாளிகள். சண்டை போட வழியில்லை. நின்றால் எல்லோரும் சிறைக்குப் போக வேண்டும். போனால் 13 நண்பர்களை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் பாயை விரிக்கச் சொன்னார். விக்டோரியா தப்பியது.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதங்கள், இரவும் பகலும் முறை போட்டுக்கொண்டு பம்ப் அடித்துத் தண்ணீரை வெளியேற்றியபடியே கப்பலை ஓட்டினார்கள்.

ஊர் வந்தது!

1522 செப்டம்பர் 6ஆம் தேதி, சான்லூகார் துறைமுகத்துக்குள் விக்டோரியா நுழைந்தது. புறப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆக இன்னும் 14 நாட்களே பாக்கி. கப்பலில் இருந்த ஐரோப்பியர்கள் 18 பேர்தான். மொலுக்கஸ் தீவிலிருந்து வந்தவர்களிலும் சிலரே உயிரோடு இருந்தார்கள். பயணத்தின் கதையை எழுதிவைத்த இத்தாலியரான பிகாஃபெட்டா அந்த 18 பேரில் ஒருவர். இன்னொருவன் ஹுவான் டி சுபிலேட்டா என்ற கப்பல் பையன். இப்படிப்பட்ட பையன்களுக்குக் கப்பலைப் பெருக்குவதும், அரை மணிக்கு ஒருமுறை மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதும் வேலை.

கரை சேர்ந்த அன்றே எல்கானோ மன்னர் ஐந்தாம் சார்லசுக்குக் கடிதம் எழுதினார். உலகின் உருண்டை முழுவதையும் சுற்றி வந்துவிட்டதைத் தெரிவித்தார். கூடவே ஒரு முக்கியமான வேண்டுகோளையும் வைத்தார். கேப் வெர்டேயில் பிடிபட்ட 13 பேரையும் போர்ச்சுக்கல் மன்னரிடம் பேசி விடுவிக்க வேண்டும் என்பதுதான் அது. அவர் கேட்டது நடந்தது. அவர்கள் பிறகு விடுவிக்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். விட்டுவிட்டு வந்தவர்களை எல்கானோ மறக்கவில்லை, பார்த்தீர்களா!

செவில் நகரத்தில் அந்த 18 பேரும் வெறுங்காலோடு, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, தேவாலயத்துக்கு நடந்தே போய் நன்றி செலுத்தினார்கள்.

விக்டோரியா கொண்டுவந்த கிராம்பு சுமார் 25 டன். அதை விற்ற பணம், ஐந்து கப்பல்களுக்குச் செய்த செலவுக்கு ஈடாக இருந்தது!

பட்டம் வந்தது, பணம் வரவில்லை

மன்னர் எல்கானோவை அழைத்துப் பேசினார். கலகத்தைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் விசாரணை நடந்தது. பிறகு எல்கானோவுக்கு ஒரு குடும்பச் சின்னம் வழங்கப்பட்டது. அதில் கோட்டை, லவங்கப்பட்டை, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் இருந்தன. உச்சியில் ஓர் உலக உருண்டை. தன்னை முதலில் சுற்றி வந்தவர் எல்கானோதான் என்று அந்த உருண்டையே சொல்வதுபோல லத்தீன் மொழியில் எழுதியிருந்தது.

ஆண்டுக்கு 500 டுகாட் தங்கக் காசு உதவித்தொகை தருவதாகவும் மன்னர் அறிவித்தார். கப்பலை வெளிநாட்டவருக்குக் கொடுத்த பழைய குற்றத்துக்கு 1523ஆம் ஆண்டு மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் உதவித்தொகைப் பணம் மட்டும் எல்கானோ இருந்தவரை அவர் கைக்கு வரவே இல்லை. அவர் இறந்த பிறகு, தாய் கத்தலீனா அதற்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

1524ஆம் ஆண்டு, மொலுக்கஸ் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்று ஸ்பெயினும் போர்ச்சுக்கல்லும் ஒரு மாநாடு கூட்டின. கொலம்பஸின் மகன் ஹெர்னாண்டோ போன்ற படித்தவர்களோடு எல்கானோவும் நிபுணராக உட்கார்ந்தார். சங்கிலியில் கிடந்த மாலுமி, நாலே ஆண்டுகளில் அறிஞர்களின் அவையில்!

கடைசிப் பயணம்

கரையில் சும்மா இருக்க எல்கானோவால் முடியவில்லை. 1525 ஜூலை மாதம் ஏழு கப்பல்கள் மறுபடியும் மொலுக்கசுக்குக் கிளம்பின. தலைவர் லொயாய்சா. முதன்மை வழிகாட்டி எல்கானோ. தன் சகோதரர்களையும் உடன் அழைத்துப் போனார். அவர் கப்பலில் உர்தானெட்டா என்ற 17 வயது பாஸ்க் இளைஞரும் ஏறினார்.

இந்த முறை அதிர்ஷ்டம் இல்லை. ஏற்கெனவே போன வழிதான் என்றாலும், ஓர் ஆற்றின் வாயை ஜலசந்தி என்று தவறாக நினைத்துவிட்டார் எல்கானோ. பிறகு ஜலசந்தியின் வாயிலில் அவருடைய கப்பல் புயலில் உடைந்தது. பசிபிக் கடலுக்குள் நுழைந்ததும் மற்றக் கப்பல்களும் சிதறிப் போயின. தலைமைக் கப்பல் மட்டும் தனியாகப் போனது. அதிலும் நோய் பரவியது.

1526 ஜூலை 26ஆம் தேதி, உடல் நலம் குன்றிய எல்கானோ உயில் எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் இளைஞர் உர்தானெட்டாவும் ஒருவர். நான்கு நாட்களில் லொயாய்சா இறந்தார். தலைமைப் பொறுப்பு எல்கானோவுக்கு வந்தது. ஆனால் ஆகஸ்ட் 4ஆம் தேதி அவரும் கண்ணை மூடினார். அவர் உடல் பசிபிக் கடலிலேயே சேர்க்கப்பட்டது.

உர்தானெட்டா உயிர் பிழைத்தார். மொலுக்கசில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1536ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பினார். அதுவரை, பசிபிக் கடலை மேற்கு நோக்கிக் கடந்தவர்கள் யாராலும் அதே கடல் வழியே அமெரிக்காவுக்குத் திரும்ப முடியவில்லை. காற்று எதிராக வீசும். டிரினிடாட் தோற்றதும் அதனால்தான். 1565ஆம் ஆண்டு, வடக்கே வெகு தூரம் ஏறிப்போனால் சாதகமான காற்று கிடைக்கும் என்று கண்டு, பிலிப்பைன்சிலிருந்து மெக்சிகோ வரை கப்பலை நடத்திச் சென்றார் உர்தானெட்டா. எல்கானோவின் கப்பலில் பழகிய பிள்ளை அல்லவா!

மிதக்கும் பள்ளிக்கூடம்

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஸ்பெயின் கடற்படை தன் மாணவர்களுக்காகக் காடிஸ் நகரத்தில் ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டியது. 1927 மார்ச் 5ஆம் தேதி அது கடலில் இறங்கியது. பெயர் 'ஹுவான் செபாஸ்டியன் எல்கானோ'. நீளம் 113 மீட்டர். விக்டோரியா போன்ற நான்கு கப்பல்களை வரிசையாக நிறுத்தலாம்! அதன் நான்கு பாய்மரங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பிளாங்கா, அல்மான்சா, அஸ்தூரியாஸ், நாட்டிலஸ். இவை எல்லாம் முன்பு இருந்த பயிற்சிக் கப்பல்களின் பெயர்கள். எல்கானோ பெற்ற சின்னத்தில் இருந்த லத்தீன் வாசகமே இந்தக் கப்பலின் வாசகமும் ஆகும். 1928-29ல் போன முதல் நீண்ட பயணத்திலேயே கப்பல் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

எந்திரக் கப்பல்களும் செயற்கைக்கோள் கருவிகளும் வந்த பிறகு பாய்மரக் கப்பல் எதற்கு என்று கேட்கிறீர்களா? நம் இந்தியக் கடற்படையிலும் 'ஐ.என்.எஸ். தரங்கிணி' என்ற பாய்மரப் பயிற்சிக் கப்பல் இருக்கிறதே! பாய்மரக் கப்பலில் காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதை உடம்பே உணர வேண்டும். சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து, கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. பெரிய பாயைத் தனி ஆளாக ஏற்ற முடியாது. பலரும் ஒரே நேரத்தில் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒருவர் விட்டால் அடுத்தவர் கை பொத்துப் போகும். அதிகாரி மகனானாலும் மீனவர் மகளானாலும் அங்கே ஒரே வேலைதான்.

ஸ்பெயின் மன்னர் குடும்பத்துக்கும் இதில் விலக்கு இல்லை. 2025 ஜனவரியில் காடிசிலிருந்து கப்பல் புறப்பட்டபோது, பட்டத்து இளவரசி லியோனோரும் மற்ற மாணவர்களோடு மாணவராகக் கிளம்பினார். அதற்கு முன் அவருடைய தந்தையும் தாத்தாவும் இதே கப்பலில் பயிற்சி பெற்றவர்கள்தான். மன்னரிடமிருந்து உதவித்தொகை கிடைக்காமலே இறந்துபோன மாலுமியின் பெயர் கொண்ட கப்பலில், மன்னர் வீட்டுப் பிள்ளைகள் பாடம் படித்திருக்கிறார்கள்!

மெகல்லனின் கப்பல்கள் வந்து 500 ஆண்டுகள் ஆனபோது, 2021 மார்ச்சில் இந்தக் கப்பல் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு துறைமுகத்துக்குப் போயிருந்தது. எல்கானோவின் சொந்த ஊரான கெடாரியாவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

குட்டீஸ், எல்கானோ தவறே செய்யாதவர் அல்ல. கடன்பட்டார், சட்டத்தை மீறினார், கலகம் செய்தார், தெரிந்த வழியையே ஒருமுறை தவறவிட்டார். ஆனால் மற்றவர்கள் உயிர் தன் கையில் இருந்தபோது, கப்பலைக் கைவிடவில்லை. கரைக்கு வந்ததும் சிறையில் கிடந்த 13 பேருக்காகக் கேட்டார். ஒரு தலைவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதானே? அதனால்தான் மாணவர்களின் கப்பலில் அவர் பெயர் இருக்கிறது.

இனி யாராவது உலகை முதலில் சுற்றி வந்தவர் யார் என்று கேட்டால், மெகல்லன் தொடங்கினார், எல்கானோ முடித்தார் என்று சரியாகச் சொல்வீர்கள்தானே!